வலயம், தேவை, விடுவிப்பு
கீரிமலைக் காணிப் பிரச்சினையில் அரச மொழியும் நீதிமன்றப் பொறுப்பும்: ஒரு விமர்சன நோக்கு

1

விமர்சனம் என்பது கவிதை, நாவல், நாடகம் ஆகியவற்றுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் பெரிதும் நிலவுகின்றது. ஆயின், சொற்களால் ஆக்கப்பட்ட எந்தப் பனுவலும் தன்னைத் தோற்றுவித்த சமூக உறவுகளைத் தன்னுள் கொண்டே வெளிவருகின்றது. வர்த்தமானி அறிவித்தலும் சுவீகரிப்புக் கட்டளையும் நீதிமன்றத் தீர்ப்பும் இதற்கு விலக்கல்ல. ஒரு நாவலின் சொல்லாட்சி பிழைபட்டால் வாசகன் இழப்பது ஒரு மாலைப்பொழுது. ஓர் அறிவித்தலின் சொல்லாட்சி பிழைபட்டால் ஒரு குடும்பம் இழப்பது தன் வீட்டையும் கிணற்றையும். ஆகவே அரச ஆவணங்களின் மொழியை விமர்சன நோக்கில் ஆராய்தல் தமிழாய்வுக்குப் புறம்பானதொரு முயற்சியன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் அமைந்த கீரிமலையையும் அதனைச் சூழ்ந்த வலிகாமம் வடக்குப் பகுதியையும் பற்றி 1990 ஆம் ஆண்டுக்குப் பின் எழுந்த அரச, நீதிமன்ற ஆவணங்களில் நான்கு சொல்வழக்குகள் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. அவை ‘உயர் பாதுகாப்பு வலயம்’, ‘இனங்காண முடியாத உரிமையாளர்’, ‘பகிரங்க தேவை’, ‘விடுவிப்பு’ என்பன. இந்நான்கும் முறையே நிலத்தையும் மனிதரையும் நோக்கத்தையும் பரிகாரத்தையும் பெயரிடுவன. இவற்றை ஒழுங்காக ஆராய்ந்தால் இலங்கையின் அரசியலமைப்பு, ஆட்சியாளரைக் குடிமகனுக்குப் பதில் சொல்லவைக்கும் ஆற்றலை எந்த அளவிற்குக் கொண்டுள்ளது என்பது புலனாகும். இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

ஆராய்ச்சிக்கு அடிப்படையான வரலாற்றுத் தகவல்களை முதலில் சுருக்கமாக நோக்குதல் பொருந்தும். கீரிமலை, சுண்ணாம்புக்கற் படுகையினூடாகக் கடலோரத்திற் கசியும் நன்னீர்க் கேணியாலும் நகுலேஸ்வரர் ஆலயத்தாலும் ஆடி அமாவாசைப் பிதிர்க்கடனாலும் குடாநாடெங்கும் அறியப்பட்ட ஊர். கிழக்கே காங்கேசன்துறைத் துறைமுகமும் 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையும், அதற்கப்பால் மயிலிட்டி மீன்பிடித் துறையும் பலாலி விமானத்தளமும் அமைந்துள்ளன. தெற்கே மாவிட்டபுரம். செம்மண் தோட்டம், கடற்றொழில், ஆலைத் தொழில் ஆகிய மூவகை உற்பத்தி முயற்சிகளும் ஒன்றையொன்று அடுத்து நிலவிய பகுதி இது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது இப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். அதே ஆண்டு ஒக்டோபர் 19 ஆம் நாள் நகுலேஸ்வரர் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. பின்னர் இப்பகுதி படையினரின் முழுக் கட்டுப்பாட்டில் அமைந்தது. மக்கள் மல்லாகம், சுன்னாகம், தெல்லிப்பழைப் பகுதிகளின் நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஒதுங்கினர். தம் காணியிலிருந்து சில மைல் தூரத்திலேயே, அதனைப் பாராமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009 மே மாதம் போர் முடிந்தது. 2011 ஓகஸ்ட் மாத இறுதியில் அவசரகாலச் சட்டநிலையும் காலாவதியாயிற்று. எனினும் முட்கம்பிவேலி நின்ற இடத்திலேயே நின்றது. போரின் பின்னர், மகிந்த ராஜபக்ஷ ஜனாதிபதியாக இருந்த காலத்தில், மக்கள் திரும்பமுடியாதிருந்த அவ்வெல்லைக்குள் கீரிமலைக் கடலோரத்தில் ஜனாதிபதி மாளிகையொன்றும் எழுந்தது.

3

முதலாவது சொல்வழக்கு ‘உயர் பாதுகாப்பு வலயம்’ என்பதாகும். ‘ஊர்’, ‘குறிச்சி’, ‘வளவு’, ‘தோட்டம்’ என்பன மனிதர் வாழ்வதாலும் உழைப்பதாலும் பெயர் பெறுவன. ‘வலயம்’ என்பதோ வரைபடத்தின் மேலிருந்து பார்ப்பவன் இடும் பெயர். அதற்குள் வீடுகள் இல்லை. தூரங்கள் மட்டுமே உள்ளன. இப்பெயர் மாற்றத்தோடு கீரிமலைவாசி ஒருவரின் நிலை, ‘வீட்டுக்காரர்’ என்பதிலிருந்து ‘வலயத்துக்குட் செல்ல அனுமதி கேட்பவர்’ என்பதாக மாறிவிடுகின்றது.

இவ்வலயத்தின் சட்ட அடிப்படை யாது என்ற வினா இங்கு எழுகின்றது. 1947 ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவசரகால விதிகளை ஆக்கி ஓரிடத்திற் பிரவேசிப்பதைத் தடைசெய்யலாம். அரசியலமைப்பின் 14(1)(எச்) உறுப்புரை, இலங்கை முழுவதும் நடமாடவும் தான் விரும்பும் இடத்தில் வதியவும் ஒவ்வொரு பிரசைக்கும் உரிமை தருகின்றது; 15(7) உறுப்புரை தேசியப் பாதுகாப்பின் பொருட்டு அதனைச் சட்டத்தினால் மட்டுப்படுத்த இடமளிக்கின்றது. இங்கு ‘சட்டத்தினால்’ என்பதே உயிர்ச்சொல். கிழக்கே மூதூர், சம்பூர்ப் பகுதி 2007 இல் வர்த்தமானி வாயிலாக உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. வலிகாமம் வடக்கிலோ வலயம் வர்த்தமானியாக அன்றி முட்கம்பியாகவே மக்கள் முன் நின்றது. எழுதப்பட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து வாதிடலாம். எழுதப்படாத கட்டுப்பாட்டை எதிர்ப்பவன், முதலில் அது இருப்பதாகவே நிறுவ வேண்டியவனாகின்றான்.

2003 இல் மாவை சேனாதிராசா உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனு இந்நிலையையே கேள்விக்குட்படுத்தியது. 2006 இல் மீள்குடியேற்றத்திற்குச் சாதகமான இடைக்காலக் கட்டளையொன்றும் பிறந்தது. ஆயின் அவ்வாண்டிலேயே போர் மீண்டது. கட்டளை காகிதத்தில் நின்றது. நீதிமன்றம் சொன்னதைச் செய்விக்கும் பொறி நிறைவேற்றுத்துறையின் கையிலேயே இருந்தமை இதற்கு ஒரு காரணம். மற்றது, இவ்வலயம் சட்டவழியானதா, அன்றா என்ற வினாவுக்கு இடைக்காலக் கட்டளை என்ற வடிவம் இறுதி விடை தரமுடியாமை. வேலி நிலைத்தது, அதன் நியாயம் மட்டும் ஆண்டுக்கணக்கில் ஒத்திவைக்கப்பட்டது.

4

இரண்டாவது சொல்வழக்கு 2013 ஏப்பிரலில் வெளிப்பட்டது. வலிகாமம் வடக்கு, வலிகாமம் கிழக்குப் பகுதிகளில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கென, 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி கொள்ளற் சட்டத்தின் இரண்டாம் பிரிவின் கீழ் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. நோக்கம் யாழ்ப்பாணத்திற் பாதுகாப்புப் படைத் தலைமையகம் அமைத்தல். உரிமையாளர்கள் இனங்காணப்படவில்லை என்பது அவ்வறிவித்தல்களின் கூற்று. வரகுப் பரப்புக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே இது ஒரு இலட்சத்து இரண்டாயிரம் பரப்புக்கு மேற்பட்ட நிலமாகும். பரப்புக் கணக்கில் வாழும் மக்களின் காணி, ஆயிரக்கணக்கான ஏக்கராக ஒரே வரியில் எழுதப்பட்டமை தானே கவனிப்புக்குரியது.

‘இனங்காண முடியாத உரிமையாளர்’ என்ற தொடரின் செயற்பாடு யாது? அம்மக்கள் அரச பதிவேடுகளில் இருந்தனர். நிவாரண அட்டை அவர்கள் பெயரில் வழங்கப்பட்டது. கிராம அலுவலர் அவர்களை அறிவார். வாக்காளர் இடாப்பில் அவர்கள் பெயர் இருந்தது. அரசின் ஒரு கை அரிசி அளந்து கொடுக்கும்போது அறிந்த மனிதரை, மறு கை காணி எடுக்கும்போது அறியாதொழிந்தது. இதனை எழுதுவினைஞர் ஒருவரின் தவறெனக் கொள்வது பொருந்தாது. உரிமையாளரைக் காணவில்லை என்று எழுதியவுடன், அவருக்கு நேரில் அறிவிக்க வேண்டிய கடமை சுருங்குகின்றது. ஆட்சேபம் கேட்க வேண்டிய கடமை சம்பிரதாயமாகின்றது. அத்தொடர் இத்தகைய சட்டச் செயலொன்றைப் புரிகின்றது.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தின் சொந்தச் சட்டமரபொன்றை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, காணி விற்போன் அதனை முதலிற் பங்காளிக்கும் உரித்தாளருக்கும் அறிவிக்க வேண்டுமென்ற முன்கொள்வனவு உரிமையைப் பதிவு செய்தது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை நவீன வடிவில் வரையறுத்தது. தேசவழமையை இலட்சியப்படுத்தல் நமது நோக்கமன்று; அது சாதியமைப்பையும் அடிமைமுறையையும் தன்னுட் கொண்டிருந்த ஒரு காலத்தின் சட்டம். ஆயினும் ஓர் உண்மை அதிற் பொதிந்துள்ளது. காணி கைமாறுவதற்கு முன், அதனோடு தொடர்புடையவருக்கு, அவருக்கு எட்டும் வகையில், சொல்லப்படல் வேண்டும் என்பதே அது. தன் காணியைத் தானே விற்கும் ஒரு விவசாயியிடம் இச்சட்டம் எதிர்பார்த்த நேர்மையை, பிறர் காணியை எடுக்கும் நவீன அரசு தன்னிடம் எதிர்பார்க்கவில்லை. வேலிக்கு உள்ளே இருக்கும் காணியைப் பற்றிய அறிவித்தல், வேலிக்கு வெளியே வாழ்வோர் ‘இல்லை’ என்று கூறி ஒட்டப்பட்டது.

மக்கள் தாம் இருப்பதை நிறுவிய முறை குறிப்பிடத்தக்கது. ஆயிரத்துக்கு மேற்பட்ட காணி உரிமையாளர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனுக்களுடன் தோன்றினர். இனங்காண முடியாதவரெனக் கூறப்பட்டோர், பெயரும் முகவரியும் உறுதி இலக்கமும் கொண்டவராக வழக்கேட்டில் நிரையாக எழுந்து நின்றமை, அரச மொழிக்குக் குடிமக்கள் அளித்த விமர்சனமேயாகும்.

5

மூன்றாவது சொல்வழக்கு ‘பகிரங்க தேவை’. காணி கொள்ளற் சட்டத்தின் படிமுறை எழுத்தளவில் ஒழுங்கானது. இரண்டாம் பிரிவின் அறிவித்தல், நான்காம் பிரிவின் ஆட்சேப விசாரணை, ஐந்தாம் பிரிவின் பிரகடனம், உரிமைக் கோரிக்கைகள், இழப்பீட்டுத் தீர்மானம், முப்பத்தெட்டாம் பிரிவின் உடைமையேற்பு என அது செல்கின்றது. ஆயின் இவ்வொழுங்கினுள் இரு திறப்புகள் உள. ஐந்தாம் பிரிவின் பிரகடனம், காணி பகிரங்க தேவைக்கு வேண்டப்படுகின்றது என்பதற்கு முடிவான சான்றெனச் சட்டமே கூறுகின்றது. அவசரத்தைக் காரணங்காட்டி, இழப்பீட்டுக்கு முன்பே உடைமையேற்க முப்பத்தெட்டாம் பிரிவு வழிசெய்கின்றது.

கீரிமலையில் இப்படிமுறை தலைகீழானது. முதலில் உடைமையேற்பு, 1990 இல். பின்னர் கட்டடம், போர் முடிந்தபின். அதன் பின்னரே அளவை. மாளிகை அமைந்த ஏறத்தாழ 29 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கும் பொருட்டு 2023 இல் நில அளவையாளர் வந்தபோது உரிமையாளரும் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்து நின்றமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. எடுத்தபின் கேட்பதும், கட்டியபின் அளப்பதும் சட்டப் படிமுறையின் குறைபாடான நிறைவேற்றம் அல்ல, அதன் மறுப்பு. ஒரு நாட்டின் தலைவர் தங்குவதற்கான மாளிகை எந்தப் பகிரங்கத்தின் தேவை என்ற வினாவை எழுப்புவதற்கான அரங்கே, கட்டடம் எழும் வரை, திறக்கப்படவில்லை.

நீதிமன்றங்களுக்கு இத்துறையிற் கருத்துக் கருவிகள் இல்லாமலில்லை. நீதியரசர் மார்க் பெர்னாண்டோ இத்துறையில் ஆற்றிய பணி தனியான ஆய்வுக்குரியது. 1993 இல் டி சில்வா எதிர் அத்துகோரள வழக்கில், தேவைக்கென எடுக்கப்பட்ட காணி அத்தேவைக்குப் பயன்படாவிடத்து, அதனை மீள ஒப்படைக்கும் அதிகாரம் அமைச்சரின் விருப்பத்துக்குரிய சலுகையன்று, பொதுநம்பிக்கையின் பாற்பட்டது என்ற நோக்கு முன்வைக்கப்பட்டது. 2000 இல் மானெல் பெர்னாண்டோ எதிர் ஜயரத்ன வழக்கில், பகிரங்க தேவை இன்னதென்று அறிவித்தலிலேயே கூறப்பட வேண்டும் எனத் தீர்க்கப்பட்டது. நோக்கம் தெரியாதவன் எதனை ஆட்சேபிப்பான் என்பதே அதன் எளிய தருக்கம். 2008 இல் வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கில் உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பகிரங்க தேவைக்கென எடுக்கப்பட்ட பத்தரமுல்லைக் காணி தனியார் கோல்ஃப் மைதானத்துக்கு வழங்கப்பட்டமைக்காக, முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. 2023 நவம்பர் 14 இல், பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பான முன்னாள் ஆட்சியாளர் பொதுநம்பிக்கையை மீறினர் என அதே நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அறிவித்தது.

ஆகவே பத்தரமுல்லையில் இயங்கிய சட்டக்கோட்பாடு கீரிமலையில் ஏன் இயங்கவில்லை என்பதே விமர்சகன் கேட்கவேண்டிய கேள்வி. விடையின் ஒரு பகுதி ‘பாதுகாப்பு’ என்ற சொல்லில் உள்ளது. அச்சொல் எழுந்தவுடன் நீதித்துறையின் ஆராயும் கண் தாழ்ந்துவிடுவது இலங்கைக்கு மட்டும் உரிய குறைபாடன்று. மறு பகுதி 2013 ஆம் ஆண்டின் அரசியலில் உள்ளது. அவ்வாண்டு ஜனவரியில், பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க மீதான குற்றப்பிரேரணை விசாரணைமுறை அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் பொருள்கோடல் செய்தது; மேன்முறையீட்டு நீதிமன்றம் தெரிவுக்குழுவின் முடிவை இரத்துச் செய்தது; அவ்விரண்டையும் மீறி அவர் பதவி நீக்கப்பட்டார். மூன்று மாதங்களுக்குள் வலிகாமத்தில் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. செப்டெம்பர் 21 இல் முதலாவது வடமாகாண சபைக்குத் தேர்தல் நிகழ்ந்தது. ஐந்து நாள்களின் பின், செப்டெம்பர் 26 இல், சோலைமுத்து ராசு வழக்கில், புதிய பிரதம நீதியரசர் மொஹான் பீரிஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம், அரச காணி மீதான அதிகாரம் மத்திக்கே உரியதெனத் தீர்த்தது. பதின்மூன்றாம் திருத்தம் 1987 இல் கூறிய தேசியக் காணி ஆணைக்குழுவோ இதுவரை அமைக்கப்படவில்லை. இந்நிகழ்ச்சிகளுக்கிடையே சதியொன்றைக் கற்பிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆயினும், தலைமை நீதிபதியின் பதவியைத் தீர்ப்பையும் மீறிப் பறிக்கும் நிறைவேற்றுத்துறையின் முன், முகாமில் வாழும் ஒருவரின் பத்துப் பரப்புக் காணி எவ்வளவு பாதுகாப்புடையது என்பதை இக்காலவரிசை தானே உணர்த்துகின்றது.

6

நான்காவது சொல் ‘விடுவிப்பு’. 2015 முதல் காணிகள் பகுதி பகுதியாக மக்களிடம் திரும்பத் தொடங்கின. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கரும், 2018 ஏப்பிரலில் 683 ஏக்கரும் திரும்பின. 2023 இலும் 2024 இலும் மேலும் சில நூறு ஏக்கர் திரும்பின. மக்கள் போராட்டம் இன்றி இவை நிகழ்ந்திரா. இம்மீட்சியின் மதிப்பைக் குறைத்தல் தகாது. எனினும் அது எந்த வடிவில் நிகழ்ந்தது என்பதை நோக்குதல் வேண்டும். மேடை, மாலை, படையதிகாரியின் உரை, காணிப் பத்திரக் கையளிப்பு என்பன அதன் சடங்குகள். ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தவர் கொடுப்பவராகவும், உரியவர் பெறுபவராகவும் அச்சடங்கில் நிற்கின்றனர். ‘விடுவிப்பு’ என்ற சொல் கைதியை விடுவிப்பதையும் தயவையும் நினைவூட்டுவது; ‘மீளளிப்பு’ என்ற சொல்லோ கடனையும் உரித்தையும் நினைவூட்டுவது. முன்னதில் நன்றி எதிர்பார்க்கப்படும். பின்னதில் கணக்குக் கேட்கலாம். எவ்வளவு காலம், எந்த அதிகாரத்தின் கீழ், என்ன வாடகைக்கு, இடிந்த வீட்டுக்கு யார் பொறுப்பு என்ற கணக்குகள் விடுவிப்பு விழாக்களில் எழுவதில்லை.

வழக்குகள் நடக்கும்போதே காணிகள் நிறைவேற்றுத்துறையின் முடிவாற் திரும்பியமையால் இன்னொரு விளைவும் உண்டாயிற்று. காணி திரும்பியோருக்கு வழக்கின் அவசரம் தணிந்தது. திரும்பாதோர் எண்ணிக்கை குறைந்து தனிமைப்பட்டனர். எடுத்தது சட்டவிரோதமா என்ற மூலவினா விடையின்றி நின்றது. விடையின்றி நின்ற வினா மீண்டும் தோன்றும் என்பதற்கு 2025 சான்று. அவ்வாண்டு மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துள் உரிமை கோராவிடின் அது அரச காணியாகக் கொள்ளப்படும் என்றது. போரில் உறுதிகளை இழந்தோரும் வெளிநாடுகளிற் சிதறியோரும் வாழும் சமூகத்துக்கு இம்மூன்று மாதம் விதிக்கப்பட்டது. யூன் 27 இல் உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. அரசும் அவ்வறிவித்தலை மீளப்பெற்றது. நீதிமன்றம் விரைந்து இயங்கினால் ஆட்சி பதில் சொல்லும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆட்சிகள் மாறியும், உரிமையாளரைத் தேடுவதிலும் அவர் இல்லையெனக் கொள்வதே எளிது என்ற நிருவாக மனப்பான்மை மாறவில்லை என்பதற்கும் இதுவே சான்று.

7

இவ்விடத்தில் முற்போக்கு வாசகர் ஒரு நியாயமான ஐயத்தை எழுப்பலாம். சொத்துரிமையைப் புனிதமாக்குவது நிலவுடைமையாளருக்கன்றோ துணைபோகும்? இலங்கையின் 1972, 1978 அரசியலமைப்புகள் இரண்டிலும் சொத்துரிமை அடிப்படை உரிமையாக இடம்பெறவில்லை. தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பிட்ட 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத்தின் பின்னணியில் இதற்கொரு முற்போக்கான நியாயம் இருந்தது. இந்தியாவும் 1978 இல் நாற்பத்துநாலாம் திருத்தத்தால் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கியது. ஆயின், சட்டத்தின் அதிகாரமின்றி எவரது சொத்தும் பறிக்கப்படலாகாது என்ற 300ஏ உறுப்புரையை அது எஞ்சவிட்டது. நமது யாப்பிலோ அவ்வளவும் இல்லை. நிலப்பிரபுவுக்கு எதிராக அரசுக்கு அளிக்கப்பட்ட வாள், காலப்போக்கில் நாலு பரப்புத் தோட்டக்காரனின் கழுத்துக்குத் திருப்பப்பட்டது. ஆகவே வேண்டப்படுவது பெருஞ்சொத்தின் புனிதமன்று, வாழிடத்தின் காப்பு.

மேலும், காணி உறுதியை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் மீட்சி எவரை விட்டுவிடுகின்றது என்பதையும் நாம் நேர்மையாக நோக்கல் வேண்டும். பிறர் காணியில் தலைமுறைகளாகக் குடியிருந்த ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் திரும்பிச்செல்ல வேலிக்குள் ஒரு வளவு இருக்கவில்லை. முகாம்களில் இறுதிவரை எஞ்சியோரிற் பலர் இத்தகைய காணியற்றவரே. சீதனமாகப் பெற்ற காணியிற் பெண்ணின் பெயர் இருந்தும், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரித்துரிமைகள் கட்டளைச் சட்டத்தின்படி, அதனைக் கைமாற்ற அவளுக்குக் கணவனின் சம்மதம் வேண்டியிருந்தது. கணவன் காணாமற்போன பெண்ணின் நிலை யாதென்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். நகுலேஸ்வரம் குண்டுவீச்சுக்குள்ளான அதே 1990 ஒக்டோபர் மாதத்தின் இறுதியிலேயே வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர் என்பதையும் மறத்தலாகாது. ஒரு வெளியேற்றத்தை அநீதி என்றும் மற்றதை அவசியம் என்றும் கூறும் நாவு, நீதிமன்றத்தை நோக்கி ஒருமுகமான நியாயம் கேட்க இயலாது.

கீரிமலைக்கு அயலிலுள்ள மாவிட்டபுரமே இதற்குப் பழைய பாடமொன்றைத் தருகின்றது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி ஆலயத்துள் நுழைய முயன்ற ஒடுக்கப்பட்ட மக்கள் வாயிலில் தடுக்கப்பட்டனர். 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ், முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம் மீது வழக்குத் தொடரப்பட்டது. அது மேன்முறையீடாகக் கோமறை மன்றம் வரை சென்றது. செல்வாக்குடையோர் நின்ற வாயிலையும் சட்டம் எட்டலாம் என்பதை இம்மண் முன்னரே கண்டுள்ளது. ஆயின் அதற்கு மூன்று தேவைப்பட்டன: தெளிவான சட்டம், வழக்குத் தொடரும் அரச விருப்பம், வாயிலிற் காத்துநின்ற மக்கள் இயக்கம். வலிகாமம் வடக்கிற் மூன்றாவது மட்டுமே இருந்தது.

8

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, காலம் பற்றியது. அரசியலமைப்பின் 126(2) உறுப்புரை, அடிப்படை உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துள் மனுச் செய்ய வேண்டுமென்கின்றது. ஷெல் வீச்சுக்குத் தப்பி ஓடியவன் ஒரு மாதத்துட் கொழும்புக்குப் போய் வழக்கிடுவான் என்ற கற்பனையில் அமைந்த விதி இது. 126(5) உறுப்புரை, மனு இரு மாதத்துள் முடிவாக வேண்டுமென்றும் கூறுகின்றது. குடிமகனுக்கு விதித்த ஒரு மாதம் இரும்பாகவும், நீதிமன்றத்துக்கு விதித்த இரு மாதம் மெழுகாகவும் நடைமுறையில் அமைந்துவிட்டன. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் காலாவதி விசேட ஏற்பாடுகள் சட்டம், போர்க்காலத்தில் நீதிமன்றை நாட முடியாதிருந்தோரின் காணியைத் தனியார் ஆட்சியுரிமையாற் கவர்வதைத் தடுக்க, 1983 மே முதல் 2009 மே வரையிலான காலத்தைக் கணக்கில் விலக்கியது. அயலவனுக்கு எதிராக ஒப்புக்கொண்ட அவ்வுண்மையை, அரசு தனக்கு எதிராகவும் ஒப்புக்கொள்ள மறுப்பதற்கு நியாயம் இல்லை.

இரண்டாவது, சான்று பற்றியது. ஐந்தாம் பிரிவின் பிரகடனத்தை முடிவான சான்றாகக் கொள்ளும் ஏற்பாடு நீங்கவேண்டும். அமைச்சரின் கையொப்பம் நீதிமன்றத்தின் கண்ணை மூடுமாயின், பகிரங்க தேவை என்பது ஆட்சியாளரின் தேவைக்கு மறுபெயராகிவிடும். மூன்றாவது, பரிகாரம் பற்றியது. காணி திரும்புவதோடு வழக்கு முடிவதாகாது. எடுத்தமை சட்டமுறையானதா என்பதைத் தீர்மானித்து, இழந்த ஆண்டுகளுக்கும் அழிந்த வீட்டுக்கும் பொறுப்பு வகுத்து, காணியற்றோருக்குக் காணி வழங்கி முடிவதே மீளளிப்பு. இடம்பெயர்ந்தோரின் வீடு, காணி, சொத்து மீளளிப்புப் பற்றிய 2005 ஆம் ஆண்டின் பின்ஹெய்ரோ கோட்பாடுகள், குத்தகையாளரையும் பிற குடியிருப்போரையும் உரிமையுடையோராகக் கொள்வது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

நான்காவது, மொழி பற்றியது. இதுவே நமது துறைக்கு நேரடியாக உரியது. மேற்காட்டிய நான்கு சொல்வழக்குகளும் அரச அலுவலகத்திலிருந்து புறப்பட்டு, நமது பத்திரிகைகளிலும் மேடைகளிலும், ஏன், இடம்பெயர்ந்தோரின் சொந்தப் பேச்சிலுங்கூடக் குடியேறிவிட்டன. காணி திரும்பப்பெற்ற ஒருவர், ‘எங்கட காணி விடுபட்டிட்டுது’ என்று மகிழ்ந்து கூறும்போது, அம்மகிழ்ச்சியை மதிக்கும் நாம், அச்சொல்லில் மறைந்துநிற்கும் தோல்வியையும் காணக் கடமைப்பட்டவர்கள். ‘வலயம்’ என்ற இடத்தில் ஊரின் பெயரையும், ‘இனங்காண முடியாதவர்’ என்ற இடத்தில் மனிதரின் பெயரையும், ‘பகிரங்க தேவை’ என்ற இடத்தில் எவருடைய தேவை என்ற வினாவையும், ‘விடுவிப்பு’ என்ற இடத்தில் ‘மீளளிப்பு’ என்ற கடமையையும் வைத்து எழுதுவது சிறு செயலாகத் தோன்றலாம். ஆயின் வழக்கேட்டில் தம் பெயரை எழுதியதன் மூலம் வலிகாமத்து மக்கள் தொடங்கியது அச்செயலையே.

கீரிமலைக் கேணியில் நீராடித் தந்தையர்க்குக் கடன் கழிக்கும் வழக்கம் போருக்குப் பின்னும் தொடர்கின்றது. இறந்தோருக்கான கடனைத் தவறாது செலுத்தும் ஒரு சமூகத்துக்கு, உயிருள்ளோருக்கான கடனை அரசிடம் கேட்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையைக் கேட்டு வந்தோருக்கு, காணி கொடுத்தாயிற்று என்பது போதிய விடையாகாது. எந்தச் சட்டத்தால் எடுத்தீர்கள் என்ற வினாவுக்கு நீதிமன்றத்தின் வாயிலாக ஒரு விடை எழுதப்படும் வரை, கீரிமலைப் பிரச்சினை காணிப் பிரச்சினையாக மட்டுமன்றி அரசியலமைப்புப் பிரச்சினையாகவும் நிலைத்திருக்கும்.